மஞ்சளாக இருப்பதாலேயே கிரீன் டீ பழசாகிவிடாது

கேள்வி: சீனாவில் வேலை பார்க்கும் என் மகன் ஹாங்சோ நகரில் 50 கிராம் கிரீன் டீ வாங்கி வந்தான். டின்னில் ‘ஹுவாங் ஜின் யா’ என்று எழுதியிருக்கிறதாம். வசந்த காலத்தில் பறித்தது, கிடைப்பதே அரிது என்று சொல்லி நல்ல விலை வாங்கியிருக்கிறார்கள். ஆனால் இலை பச்சையாகவே இல்லை, வெளிறிய மஞ்சள். பழசாகி நிறம் போன சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்கிறார் தேயிலை வியாபாரம் தெரிந்த நண்பர். கொதிக்கும் நீரில் ஒரு கைப்பிடி போட்டு, மூடி வைத்துக் குடித்தோம், ஒரே கசப்பு. ஏமாந்துவிட்டோமா?

— வாசகர், கோவை

பதில்: இலை மஞ்சளாக இருப்பதை வைத்து நீங்கள் ஏமாந்ததாகச் சொல்ல முடியாது. கசந்ததை வைத்தும் சொல்ல முடியாது. அது கொதிநீரும் மூடியும் அந்தக் கைப்பிடி அளவும் சேர்ந்து செய்த வேலை. பச்சை இலை பெட்டியில் கிடந்து மஞ்சளாவதை உங்கள் நண்பர் பார்த்திருப்பார். இந்த ரகமோ செடியிலேயே மஞ்சள்.

ஷெஜியாங் மாகாணத்தில் நிங்போவை அடுத்த யூயாவ் பகுதியில், 1990களின் இறுதியில் கண்டெடுத்த ஒரு திடீர்மாற்றச் செடியிலிருந்து பெருக்கப்பட்ட ரகம் இது. நல்ல வெயில் பட்டால் கொழுந்தில் பச்சையம் சரியாகச் சேராமல் மஞ்சள் மேலோங்கும். நிழல் கட்டினால் அதே செடி பச்சைக்குத் திரும்பிவிடும். அதனால் சில இலைகளில் மட்டும் லேசாகப் பச்சை ஓடியிருந்தால் பயப்பட வேண்டாம். மேலே இருந்த இலை மறைத்த இடமாக இருக்கும். எல்லா இலையும் ஒரே அச்சாக மஞ்சள்தூள் பூசியதுபோல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

பச்சையம் குறைந்த செடி சோனியாகத்தான் வளரும். வெயில் கடுமையானால் இலை ஓரம் கருகும், விளைச்சலும் கம்மி. விலை ஏறுவதற்கு இது நியாயமான காரணம். இன்னொரு காரணம் சுவை. துவர்ப்பும் கசப்பும் தருகிற பாலிபீனால்கள் இந்தக் கொழுந்தில் குறைவு. அமினோ அமிலங்கள், குறிப்பாகத் தியானின், அதிகம். சாதாரணக் கிரீன் டீயில் காய்ந்த எடையில் 2 முதல் 4 சதவீதம் இருக்கும் அமினோ அமிலம், இதில் இரண்டு மடங்குக்கு மேலும் வரும். பாசிப்பருப்பை வேகவைத்து இறுத்த தண்ணீரில் உப்பு போடுமுன்பே ஒரு ருசி இருக்குமே, அந்த வகை இனிப்பும் நிறைவும் நாக்கின் ஓரங்களில் நிற்கும். இதற்குத்தான் காசு. ‘ஆன்டிஆக்ஸிடன்ட் மிக அதிகம், கொழுப்பைக் கரைக்கும்’ என்று சொல்லி இதை விற்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். டீயில் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று அவர்கள் பெருமையடிப்பது பாலிபீனாலைத்தான். அதுதான் இந்த இலையில் குறைவு. தான் விற்கும் பொருள் என்னவென்றே தெரியாதவர் அவர்.

சரி, உங்கள் டின்னில் இருப்பது எப்படிப்பட்டது? காய்ந்த இலையை உற்றுப் பார்த்துப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஊறிய இலையைப் பார்க்க வேண்டும். இங்கேதான் கொதிநீர் கூடாது என்ற விதிக்கு ஒரே ஒரு விலக்கு. சீனத்தில் தேயிலையைத் தரம் பார்ப்பவர்கள் கிரீன் டீக்கும் நன்றாகக் கொதித்த நீரைத்தான் ஊற்றுவார்கள்: 3 கிராம் இலை, 150 மில்லி நீர், மூடி போட்டு 4 நிமிடம். குறையை வெளியே இழுப்பதுதான் நோக்கம். மிதமான சூட்டில் பதுங்கிக்கொள்ளும் பழைய வாடை, புகை, தீய்ந்த மணம் எல்லாம் கொதிநீரில் மறைய முடியாது. நீங்களும் ஒரே ஒரு முறை அப்படிச் செய்யுங்கள். 0.1 கிராம் வரை காட்டும் சிறிய தராசு வேண்டும். இந்த இலை காற்றுபோல் லேசாக இருக்கும். கரண்டிக் கணக்கும் கைப்பிடிக் கணக்கும் உதவாது. 4 நிமிடம் முடிந்ததும் நீரை வெள்ளைக் கிண்ணத்தில் முழுக்க வடித்துவிடுங்கள். மூடியைச் சற்றே திறந்து, சூடாக இருக்கும்போதே இலையை முகருங்கள். ஆறியதும் மறுபடி முகருங்கள். பிறகு இலையை வெள்ளைத் தட்டில் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பரப்புங்கள். மறுபடி சொல்கிறேன், இது சோதனை. குடிக்கும் முறை இல்லை. இதைப் படித்துவிட்டு ‘நிபுணர்களே கொதிநீர்தானே ஊற்றுகிறார்கள்’ என்று யாரும் தினமும் ஆரம்பித்துவிட வேண்டாம்.

தட்டில் என்ன தெரிய வேண்டும்? ஒரு மொட்டும் ஓர் இலையுமாக, அல்லது ஒரு மொட்டும் இரண்டு இலையுமாக, முழுசாக விரிந்திருக்க வேண்டும். நிறம் வெளிச்சம் ஊடுருவுகிற தெளிந்த மஞ்சள். நரம்பும் கிட்டத்தட்ட அதே மஞ்சள். தேநீரும் தெளிந்த இளமஞ்சளாக இருக்கும். இலை வெளிறி, நரம்பு மட்டும் பளிச்சென்று பச்சையாக இருந்தால் உங்களிடம் இருப்பது ஷெஜியாங்கிலேயே விளையும் ஆன்ஜி ‘வெள்ளை டீ’யாக இருக்கலாம். அதுவும் கிரீன் டீதான், நல்ல டீதான், ஆனால் வேறு ரகம். இலை மங்கிப் பழுப்பேறி, தேநீரும் பழுப்பாகி, பீரோவில் அடைந்து கிடந்த காகித வாடை வந்தால் உங்கள் நண்பர் சொன்னது சரி, பழைய சரக்குதான். சாயப் பொடி கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகை இலையைக் குளிர்ந்த நீரில் போடுங்கள். நல்ல இலை நிறம் விட நேரமாகும். போட்ட நொடியே மஞ்சள் கீற்றாக இறங்கினால் குப்பையில் கொட்டுங்கள்.

கடைக்காரர்களே குழப்பும் இன்னொன்று: ஹூனானின் ஜுன்ஷான் யின்ஜென், சிச்சுவானின் மெங்டிங் ஹுவாங் யா போன்ற ‘மஞ்சள் டீ’க்கள் முற்றிலும் வேறு. அவை பச்சை இலையை வறுத்து, ஈரத்தோடு பொதிந்து புழுங்கவைத்து மஞ்சளாக்குபவை. ஃபூஜியானின் ஜின் ஜுன் மெய் தங்க நிற மொட்டு கொண்ட கறுப்புத் தேயிலை. தேநீர் செம்பொன்னாக இருக்கும். உங்களுடையது செடியில் மஞ்சள், செய்முறையில் கிரீன் டீ.

இப்போது உண்மையான பொறி. ஆன்ஜி ரகம் குளிருக்குக் கட்டுப்பட்டது. வசந்தத்தில் வெளிறும், வெப்பம் ஏறினால் பச்சையாகிவிடும். அதனால் அதில் வெளிறிய இலையே பருவத்துக்குச் சாட்சி. ஹுவாங் ஜின் யா வெளிச்சத்துக்குக் கட்டுப்பட்டது. வசந்தத்திலும் மஞ்சள், கோடையிலும் மஞ்சள், இலையுதிர் காலத்திலும் மஞ்சள். இந்த ஒரு குணத்தை வைத்துத்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். செப்டம்பரில் கிள்ளிய கொழுந்தைத் தங்க நிறத்தைக் காட்டி ‘வசந்த முதல் பறிப்பு’ என்று விற்கலாம். நிறத்தைப் பார்த்து நீங்கள் கண்டுபிடிக்க மாட்டீர்கள். வாயிலும் ஊறிய இலையிலும் தெரியும். இலையுதிர்காலச் சரக்கு மெலிந்து, காம்பு நீண்டு, பின்னால் துவர்ப்பு பிடிக்கும். வசந்தக் கொழுந்து ஊறியபின் விரலிடையில் பஞ்சாக இருக்கும்.

லேபிள் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். சீன உணவு லேபிள் விதிப்படி ‘உற்பத்தித் தேதி’ என்பது பொருள் இறுதி வடிவம் பெற்ற நாள். பொட்டலம் கட்டிய நாளும் அதில் அடங்கும். போன ஏப்ரலில் பறித்து குளிர்கிடங்கில் வைத்ததை இந்த ஏப்ரலில் டின்னில் அடைத்தால், இந்த ஏப்ரல் தேதியை அச்சடிக்கலாம். குற்றமில்லை! ஒரு பருவத்தை வைத்தே விலை நிர்ணயமாகும் பொருளுக்குப் பறித்த தேதி கட்டாயமில்லை என்றால், இந்த விதி யாருக்காக என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

‘சிங்மிங்குக்கு முன் பறித்தது’ என்ற முத்திரைக்கும் மயங்க வேண்டாம். சிங்மிங் என்பது சீனர்கள் முன்னோரை வணங்கும் நாள், ஏப்ரல் 4 அல்லது 5இல் வரும். ஷெஜியாங் மலைத் தோட்டங்களில் அப்போதுதான் கொழுந்து தலைகாட்டும். இந்த ரகம் இன்று ஆன்ஹுய், சிச்சுவான், குய்ஜோ வரை நடப்பட்டிருக்கிறது. தென்மேற்கின் வெதுவெதுப்பான தோட்டங்களில் முன்கூட்டியே பறித்துவிடுவார்கள். அங்கே மார்ச்சில் எடுத்ததைவிட யூயாவ் மலையில் ஏப்ரல் இரண்டாம் வாரம் எடுத்தது நன்றாக இருக்கலாம். தேதியை ஊரோடு சேர்த்துக் கேளுங்கள்; தனியாகக் கேட்டால் பயனில்லை.

‘300 வருடக் காட்டு மரம்’, ‘பேரரசர் குடித்தது’ என்று ஆரம்பித்தால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். தாய்ச்செடியே 1990களில்தான் கண்ணில் பட்டது. உங்கள் மகனிடம் இதையும் சொல்லிவையுங்கள்: ஷாங்காயின் நான்ஜிங் சாலை, பெய்ஜிங்கின் வாங்ஃபுஜிங் பக்கம் நல்ல ஆங்கிலம் பேசிக்கொண்டு, ‘டீ விருந்துக்கு வாருங்கள்’ என்று அழைக்கும் இளைஞர்கள் பின்னால் போகக் கூடாது. சின்னச் சின்னக் கிண்ணத்தில் நாலு டீ தந்துவிட்டுத் தலைசுற்றும் பில் நீட்டுவது அங்கே பழைய தொழில். அடுத்த முறை எந்த வட்டாரம், எந்த ரகம், எந்த வாரம் பறித்தது என்று மூன்றும் கேட்டு, முதலில் 10 கிராம் மட்டும் வாங்கட்டும். 10 கிராம் தர மறுப்பவர் 500 கிராமிலும் நல்லது தர மாட்டார்.

குடிப்பதற்கு வருவோம். 200 மில்லி பிடிக்கும் நேரான கண்ணாடி டம்ளர் போதும். மண் குடுவையும் மூங்கில் கரண்டியும் வாங்கித் தர ஆள் வருவார், வேண்டாம். நீர் முக்கியம். போர்வெல் உப்புநீர் தேநீரை மங்கவைத்து, மேலே ஏடு கட்டி, அந்த இனிப்பை அமுக்கிவிடும். டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) 50 முதல் 150க்குள் இருக்கும் நீர் நல்லது. நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, வாய் அகன்ற பாத்திரத்தில் ஊற்றி 80 முதல் 85 டிகிரிக்கு ஆறவிடுங்கள். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் ஊகம் வேண்டாம். டம்ளரைச் சூடான நீரில் அலசிக் கொட்டிவிட்டு, மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றி, 3 கிராம் இலையைத் தூவுங்கள். அரை நிமிடம் பொறுங்கள். இலை நனைந்து கனம் ஏறியதும் டம்ளரின் முக்கால் வரை மெல்ல ஊற்றுங்கள். மூடி வேண்டாம், மூடினால் கொழுந்து வெந்து கீரை வாடை வரும். இரண்டு நிமிடத்தில் இலைகள் ஒவ்வொன்றாக அடியில் இறங்கும், காம்பு கீழே, மொட்டு மேலே. குடிக்க ஆரம்பிக்கலாம். மூன்றில் ஒரு பங்கு மீதம் இருக்கும்போதே அடுத்த நீரை ஊற்றுங்கள். வறண்டுபோகும்வரை குடித்துவிட்டு ஊற்றினால் இரண்டாவது சுற்று வெறும் தண்ணீராக இருக்கும். மூன்று சுற்று தாங்கும். பால், சர்க்கரை, தேன், எலுமிச்சை எதுவும் சேர்க்காதீர்கள்.

இப்படிச் சூடு பார்த்து ஊற்றப் பொறுமை இல்லையென்றால் 4 கிராமை 500 மில்லி குளிர்ந்த குடிநீரில் போட்டு ஃப்ரிட்ஜில் ஐந்து மணி நேரம் வையுங்கள். கசப்பு அநேகமாக இறங்காது, இனிப்பு இறங்கும். இந்த இலையைக் கெடுக்கவே முடியாத முறை அதுதான். கஃபீன் இதிலும் உண்டு, இரவில் வேண்டாம். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும்.

மீதி இலையை இன்றே பிரித்துவிடுங்கள். ஒரு பொட்டலத்துக்கு 6 கிராம், அதாவது இரண்டு முறைக்கு, காற்றை அழுத்தி வெளியேற்றி அலுமினியப் பையில் ஒட்டி, எல்லாவற்றையும் மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். பெருங்காயமும் மல்லிகைச் சரமும் இருக்கும் தட்டில் வைக்காதீர்கள். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும், மல்லிகை டீ செய்வதே அந்தக் குணத்தை வைத்துத்தான். வெளியே எடுத்ததும் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. குளிர்ந்த இலையில் காற்றின் ஈரம் படிந்துவிடும். மூன்று மணி நேரம் அப்படியே விட்டு அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள். பிரித்ததை ஒரு வாரத்துக்குள் முடியுங்கள், திரும்ப ஃப்ரிட்ஜுக்குள் வைக்க வேண்டாம்.