மக்காச்சோளம் வந்தது, சுண்ணாம்பு வரவில்லை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கொலம்பஸுக்குப் பின் ஐரோப்பியர் கொண்டுபோன பெரியம்மையால் அமெரிக்கப் பூர்வகுடிகள் ஊர் ஊராக அழிந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆனால் அங்கிருந்து வந்த மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, மிளகாய் எல்லாம் மற்ற நாடுகளுக்கு நன்மைதானே? அவர்களுக்கு நட்டம், மற்றவர்களுக்கு லாபம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

செ.

அன்புள்ள செ.,

பசியைத் தணித்த பயிர்கள் என்பது சரி. ஆனால் மக்காச்சோளத்தை லாபக் கணக்கில் அப்படியே எழுத எனக்கு மனம் வரவில்லை.

1735-ல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் கஸ்பார் கசால் என்ற மருத்துவர் ஏழை விவசாயிகளிடம் ஒரு புது நோயைப் பார்த்தார். வெயில் படும் இடமெல்லாம் தோல் சிவந்து, தடித்து, உரிந்தது. கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோல் தழும்பு. அப்புறம் வயிற்றுப்போக்கு, புத்தி பேதலிப்பு, கடைசியில் சாவு. வட இத்தாலியில் இதற்குப் பெலாக்ரா என்று பெயர், சொரசொரத்த தோல் என்று அர்த்தம். அங்கே கூலி விவசாயிகள் மூன்று வேளையும் பொலென்டா என்கிற மக்காச்சோளக் களியைத்தான் தின்றார்கள், அதைவிட மலிவாக வயிறு நிரப்ப வேறொன்றும் கிடைக்கவில்லை. 1881-ல் இத்தாலியில் மட்டும் சுமார் 1 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது.

ஆயிரக்கணக்கான வருஷங்களாக அதையே சாப்பிட்ட மெக்சிகோவில் ஏன் இப்படி ஆகவில்லை? அங்கே பெண்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோலைக் கழுவி நீக்கி, அம்மி மாதிரியான கல்லில் அரைத்து ரொட்டி தட்டினார்கள். நயாசின் என்ற வைட்டமின் குறைந்தால்தான் பெலாக்ரா வருகிறது. இந்தத் தானியத்தில் அது நம் குடலுக்கு எட்டாதபடி கட்டுண்டு கிடக்கிறது, சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. கூடவே பீன்ஸும் சாப்பிட்டார்கள். ஸ்பானியர்கள் விதையை எடுத்துவந்தார்கள், அடுப்படியில் நடந்ததை எடுத்துவரவில்லை. ஐரோப்பாவில் கோதுமை அரைக்கும் ஆலைகள் இருந்தன, எவ்வளவு கெட்டியான தானியமும் அதில் மாவாகிவிடும். ஊறவைக்க என்ன தேவை என்றுதான் அவர்களுக்குத் தோன்றியிருக்கும். யாரும் கெடுதல் நினைத்துச் செய்ததல்ல. அதனால்தான் எனக்கு இது இன்னும் வலிக்கிறது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் பருத்திக்காட்டு ஏழைகள் இதே நோயில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். இது தொற்றுநோய் இல்லை, சாப்பாட்டில்தான் கோளாறு என்றார் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர். நம்பாதவர்களுக்குக் காட்ட 1916-ல் நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார், அவர் மனைவியும் ஏற்றிக்கொண்டார். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படியும் பலர் ஏற்கவில்லை, ஏற்றால் கூலியையும் நிலத்தையும் பற்றிப் பேசவேண்டி வருமே. அவர் 1929-ல் இறந்தார். அந்தச் சாப்பாட்டில் இல்லாமல் போனது நயாசின்தான் என்று தெளிவானது 1937-ல்.

இந்த 200 வருஷச் சாவுகளை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்? இவர்கள் நீங்கள் சொல்லும் லாபம் பெற்ற பக்கத்தில் இருந்தவர்கள்தான்.

உருளைக்கிழங்கையும் கேட்டிருந்தீர்கள். 1845-ல் அயர்லாந்தின் பயிரை அழுகவைத்த கருகல் நோயும் அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்ததுதான். அதைத் தனியாக எழுதுகிறேன்.