ஒல்லி உடம்பும் கல்லீரல் கொழுப்பும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 46 வயது. உயரம் 168 செ.மீ., எடை 64 கிலோ. மூன்று வருடமாக சுகர் இருக்கிறது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் ஃபேட்டி லிவர் கிரேடு 1 என்று வந்துவிட்டது. டாக்டர் ஆறு கிலோ குறைக்கச் சொல்கிறார். இருக்கிற உடம்பையும் குறைத்தால் என்ன மிஞ்சும் என்று வீட்டில் சண்டை. இதற்கிடையே, ராய் டெய்லர் என்ற இங்கிலாந்து டாக்டர் எட்டே வாரத்தில் சர்க்கரை நோயைக் குணமாக்கிவிட்டார் என்று வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. நிஜமான ஆளா, இல்லை இதுவும் வழக்கமான கதையா?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

நிஜமான ஆள்தான். நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர். நான் மருத்துவன் அல்ல, அவருடைய ஆய்வுகளைக் கொஞ்சம் தொடர்ந்து படித்து வருபவன். அந்த அளவில் சொல்கிறேன்.

உடல் பருமனுக்காக இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்களுக்கு, எடை பெரிதாக இறங்குவதற்கு முன்பே, சில நாட்களில் ரத்தச் சர்க்கரை சரியாகிவிடும். மருத்துவர்களுக்கு இது வெகுகாலமாகத் தெரியும். குடல் ஹார்மோன்கள் மாறுவதுதான் காரணம் என்று பலர் சொல்லிவந்தார்கள். டெய்லர் யோசித்தது இன்னும் எளிமையானது: ஆபரேஷன் முடிந்தவர் சாப்பிடுவதே இல்லையே, அது போதாதா?

2008இல் இதை ஒரு கருதுகோளாக வெளியிட்டார். வருடக்கணக்கில் தேவைக்கு மேல் சாப்பிடுவது கல்லீரலில் கொழுப்பாகச் சேர்கிறது. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் இரவெல்லாம் ரத்தத்தில் குளுக்கோஸை விட்டுக்கொண்டே இருக்கும். சமாளிக்கக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கும். அந்த இன்சுலினே கல்லீரலில் மேலும் கொழுப்பு சேர வழிசெய்யும். இது ஒரு சுழல். கல்லீரல் வெளியே அனுப்பும் கொழுப்பு கணையத்துக்கும் போய், அங்கே இன்சுலின் சுரக்கும் செல்களை மெல்ல முடக்கும். இது இரண்டாவது சுழல். அப்படியென்றால், சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்தால் இரண்டும் பின்னோக்கிச் சுழல வேண்டும். எனக்கு அவரிடம் பிடித்தது இந்த இடம். விளக்கத்தை முதலில் அச்சில் வைத்துவிட்டு, அப்புறம் அளக்கப் போனார்.

அளந்தது 11 பேரை. தினம் சுமார் 600 கலோரி, எட்டு வாரம். எம்ஆர்ஐ மூலம் கல்லீரல், கணையக் கொழுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியானது, கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் இறங்கியது. எட்டு வாரத்தில் கல்லீரல் கொழுப்பு 12.8 சதவீதத்திலிருந்து 2.9க்கு வந்தது. கணையம் நிதானமாகத்தான் தேறியது. 2011இல் வெளியான இந்த ஆய்வைத்தான் உங்கள் வீடியோ 'எட்டு வாரம்' என்கிறது. பதினொரு பேர் என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள் போல.

பெரிய சோதனை பிறகு வந்தது. கிளாஸ்கோவின் மைக் லீனுடன் சேர்ந்து நடத்திய 'டைரக்ட்' ஆய்வு, 2017இல் முதல் முடிவு. ஏறத்தாழ 300 பேர், எல்லோருக்கும் சுகர் வந்து ஆறு வருடத்துக்குள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு மாத்திரைகளை நிறுத்திவிட்டு, மூன்று முதல் ஐந்து மாதம் தினம் சுமார் 850 கலோரி அளவுக்கு சூப்பும் ஷேக்கும். ஒரு வருட முடிவில் அந்த இரண்டாவது குழுவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் நோய் அளவுக்குக் கீழே இருந்தது. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் அது 86 சதவீதம். ஆனால் இரண்டாம் வருடம் 46 என்பது 36 ஆனது, ஐந்தாம் வருடம் இன்னும் வெகுவாகச் சுருங்கியது. எடை திரும்பியவர்களுக்கு சுகரும் திரும்பியது. ஆகவே 'குணமாக்கிவிட்டார்' என்று அவரே சொல்வதில்லை, நோய் பின்வாங்கியிருக்கிறது என்றுதான் சொல்கிறார்.

இனி உங்கள் விஷயம். இந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோரும் எடை கூடியவர்கள். உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 23க்குக் கீழே. 2015இல் டெய்லரும் ரூரி ஹோல்மனும் சொன்ன கருத்து உங்களுக்குத்தான் பொருந்தும்: ஒவ்வொரு உடம்புக்கும் கொழுப்புக்குத் தனி எல்லை உண்டு. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை வீட்டுப் பரண் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்குப் பெரிய பரண், சிலருக்கு மிகச் சின்னது. நிரம்பிவிட்டால் மிச்சம் கல்லீரலுக்குத்தான் போகும், ஆள் பார்க்க எப்படி இருந்தாலும் சரி.

நம் ஊர்க்காரர்களுக்குப் பரண் சின்னது என்பதைப் புனேயின் சர்க்கரை நோய் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் தன் உடம்பை வைத்தே காட்டினார். அவருக்கும் லண்டன் நண்பர் ஜான் யுட்கினுக்கும் பிஎம்ஐ ஒன்றுதான், 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. இருவர் படத்தையும் 2004இல் லான்செட் மருத்துவ இதழ் போட்டது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அந்த இருவரில் யார் கொழுப்புக்காரர் என்று சட்டையோடு பார்த்துச் சொல்லவே முடியாது.

பருமனில்லாதவர்களை வைத்து டெய்லர் செய்த ஆய்வு 2023இல் வந்தது. பிஎம்ஐ 27க்குக் கீழே 20 பேர், எடை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கப்பட்டது. 14 பேருக்கு சுகர் பின்வாங்கியது. ஆரம்பத்தில் அவர்களுடைய கல்லீரல் கொழுப்பு சராசரி 4.1 சதவீதம். 5 வரை பரவாயில்லை என்பதுதான் வழக்கமான கணக்கு. அவர்களுக்கு அதுவே அதிகமாக இருந்திருக்கிறது! 1.4க்கு இறங்கிய பிறகுதான் சரியானது. உங்கள் டாக்டர் சொன்ன ஆறு கிலோ உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, அந்த ஆய்வின் கணக்கும் ஏறக்குறைய அதுதான். வீட்டில் இதைக் காட்டுங்கள்.

இரண்டு விஷயம் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். கிளிமெபிரைடு போன்ற சுகர் மாத்திரை எடுத்துக்கொண்டு சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும், அதனால் மருந்தின் அளவை முதலிலேயே அவர் மாற்ற வேண்டும். அடுத்து, ஒல்லியான ஒருவருக்கு நாற்பதுக்கு மேல் வரும் சுகர் எப்போதும் டைப் 2, அதாவது இதுவரை சொன்ன வகை, ஆக இருக்காது. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கும் வகையும் உண்டு. அப்படியென்றால் எடைக் குறைப்பு பயன்படாது, இன்சுலின் தேவைப்படும். முயற்சி செய்யாமலே உங்களுக்கு எடை குறைந்திருக்கிறதா? அந்தத் தாக்குதலைக் காட்டும் கேட் (GAD) ஆன்டிபாடி, கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைடு சோதனைகள் செய்திருக்கிறார்களா? இல்லையென்றால், பட்டினியை ஆரம்பிக்கும் முன் அதைச் செய்துவிடச் சொல்லுங்கள்.