பிள்ளையின் படிப்புக்கு வீட்டை அடகு வைக்க வேண்டுமா?

கேள்வி: மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கட்டட வடிவமைப்புத்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். கல்லூரியில் மூன்று வருட ஆர்க்கிடெக்சரல் டெக்னாலஜி டிப்ளோமாவுக்கும் பல்கலைக்கழகத்தில் நாலு வருடக் கட்டடக்கலைப் பட்டத்துக்கும் இடம் கிடைத்திருக்கிறது. அவளுக்கு விருப்பம் கல்லூரி. கணவருக்கும் சொந்தக்காரருக்கும் "ஆர்க்கிடெக்ட் ஆகக்கூடிய பிள்ளையை ஏன் டெக்னீஷியன் ஆக்க வேண்டும்" என்ற கவலை. கல்லூரிக்கு வருடம் 4,000 டொலர், பல்கலைக்கழகத்துக்கு 9,500. பல குடும்பங்களின் காசைச் சேர்த்து நடத்தும் குழுத் திட்டம் ஒன்றில் ஆர்.ஈ.எஸ்.பி. (பிள்ளையின் படிப்புச் சேமிப்பு) இருக்கிறது: கட்டணம் கழித்து எங்கள் காசு 18,000, அரசாங்க மானியம் 4,000, வளர்ச்சி 6,500. மோர்ட்கேஜ் ஒக்டோபரில் புதுப்பிக்க வருகிறது, 2021இல் எடுத்தது. கணவர் வீட்டின் மேல் இருக்கும் கடன் வசதியில் அல்லது தன் ஆர்.ஆர்.எஸ்.பி.யில் (ஓய்வுகாலச் சேமிப்பு) 20,000 எடுத்துப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்புவோம் என்கிறார். என்ன செய்யலாம்? (கனடா, ஸ்காபரோவில் இருந்து ஒரு வாசகி)

பதில்:

அக்கா, முதலில் கணவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள். அந்த நாலு வருடப் பட்டம் முடித்தாலும் பிள்ளை ஆர்க்கிடெக்ட் ஆகமாட்டாள். ஒன்ராறியோவில் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள அதற்கு மேல் முதுமாணிப் படிப்பு, அது முடிய 3,720 மணித்தியாலம் பதிவு செய்த வேலை அனுபவம், பிறகு தேசிய அளவிலான சோதனை, கடைசியில் ஒன்ராறியோ கட்டடக்கலைஞர் சங்கத்தின் அனுமதி. 3,720 மணித்தியாலம் என்றால் விடாமல் முழுநேரம் வேலை செய்தாலும் கிட்டத்தட்ட இரண்டு வருடம். ஆக 9,500ஐ நாலால் பெருக்கி 38,000 என்று போடுகிற கணக்கு பாதி வழிக்கான கணக்கு, மிச்சப் பாதிக்கு யார் காசு போடுவது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. பிள்ளைக்கு அந்தப் பாதை வேண்டும் என்று இருந்தால் நான் தடுக்கமாட்டேன், வழி தேடுவோம். ஆனால் அவள் கேட்பது வேறு.

அவள் கேட்கும் தொழில் என்னவென்று சொந்தக்காரருக்கு விளங்காததுதான் இங்கே அரைவாசிப் பிரச்சினை. கட்டடத் தொழில்நுட்பவியலாளர் செய்வது, வீடு எப்படி இருக்க வேண்டும் என்ற யோசனையை நகரசபை அனுமதி கொடுக்கும் வரைபடமாகவும், கட்டுகிறவன் கையில் எடுத்துக் கட்டக்கூடிய வரைபடமாகவும் ஆக்குவது: சுவருக்குள் என்ன அடுக்கு வரும், தண்ணீர் எங்கே நிற்கும், நெருப்பு ஒரு தளத்தில் இருந்து அடுத்ததுக்கு எவ்வளவு நேரத்தில் போகும். இங்கே மூன்று மாடி வரைக்கும் 600 சதுர மீட்டர் பரப்புக்குள்ளும் வரும் வீடுகளும் சின்னக் கட்டடங்களும் கட்டடச் சட்டக்கோவையின் ஒன்பதாம் பகுதிக்குள் வரும், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆர்க்கிடெக்ட் கையெழுத்துத் தேவையே இல்லை. மாகாணம் வைக்கும் சோதனையில் சித்தியடைந்து பி.சி.ஐ.என். என்ற கட்டடச் சட்டக்கோவை அடையாள இலக்கம் வைத்திருக்கிறவர் வரைந்து ஒப்பமிட்டால் போதும்.

உங்கள் தெருவையே பாருங்கள். பேஸ்மென்டில் தனி வீடு போடாத எங்கள் ஆட்கள் எத்தனை பேர்? 2022இல் மாகாணம் ஒரு காணியில் மூன்று குடியிருப்பு வரை அனுமதித்தது, ரொறன்ரோ 2023இல் நாலு குடியிருப்பு வரை நகரம் முழுக்கத் திறந்துவிட்டது, 2025இல் ஸ்காபரோ வடக்குத் தொகுதி உட்பட சில இடங்களில் ஆறு வரைக்கும் போகலாம் என்றது. பின்வளவில் சின்ன வீடு கட்டுவதற்கும் 2022இல் இருந்து வழி இருக்கிறது. இத்தனைக்கும் யாரோ ஒருவர் வரைபடம் கீற வேண்டும், அக்கா. வானளாவிய கொண்டோ கட்டுகிற பெரிய அலுவலகங்கள் இப்போது ஆட்களைக் குறைக்கின்றன என்பது உண்மை, அந்தக் கதையை மட்டும் கேட்டுவிட்டு இந்தத் துறையே படுத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆனால் வாய்ப்பு இருக்கிறது என்பதற்காக முதல் வேலையிலேயே பெரிய சம்பளம் வரும் என்றும் நினைக்க வேண்டாம், வராது. டிப்ளோமாவோடு மட்டும் நின்றுவிட்டால் பத்து வருடம் கழித்தும் இன்னொருவர் சொல்வதைக் கணினியில் கீறுகிற ஆளாகவே இருந்துவிடலாம், அப்படி இருக்கிறவர்கள் என்னிடம் வரிக் கோப்போடு வருகிறார்கள். சம்பளம் கூடுவது பி.சி.ஐ.என். எடுத்தவுடன், அல்லது 1969இல் இருந்து இயங்கும் ஒன்ராறியோ கட்டடத் தொழில்நுட்பவியலாளர் சங்கத்தில் முழு உறுப்பினரானவுடன்.

சொந்தக் கதை ஒன்று. என் வீட்டு பேஸ்மென்டுக்கு நான் மலிவாகக் கீறித் தருகிற ஒருவரிடம் போனேன். நிதி ஆலோசகர், மலிவு தேடி! படுக்கையறை யன்னல் திறக்கும் இடைவெளி 0.35 சதுர மீட்டர் இருக்க வேண்டும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நெருப்பு வந்தால் ஆள் வெளியே வரத்தான் அந்த அளவு. அவர் கீறிய யன்னலால் பூனைதான் வரும். வரைபடம் இரண்டு தரம் திரும்பி வந்தது, மூன்று மாத வாடகை போனது. பிறகு பார்த்தால் அவருக்குச் சொந்த இலக்கமே இல்லை, வேறு யாரோ ஒருவருடைய இலக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தார். உங்கள் மகள் இந்தத் துறைக்குள் போனால் முதல் நாளே சொல்லி வையுங்கள், இலக்கத்தை யாருக்கும் இரவல் கொடுக்கவும் கூடாது வாங்கவும் கூடாது, அது சித்தப்பாவாக இருந்தாலும்.

சரி, காசுக்கு வருவோம்.

ஆர்.ஆர்.எஸ்.பி.யை மறந்துவிடுங்கள். வாழ்நாள் கல்வித் திட்டம் என்று வரியில்லாமல் எடுக்க ஒரு வழி இருக்கிறதே என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அது உங்கள் கணவருக்கோ உங்களுக்கோ படிக்க மட்டும், பிள்ளைக்கு இல்லை. மகளுக்காக 20,000 எடுத்தால் வங்கி அந்த இடத்திலேயே 30 வீதம் வரிக்குப் பிடித்துக்கொள்ளும், கையில் வருவது 14,000. மிச்சக் கணக்கு அடுத்த வருட வரிப் படிவத்தில் சரிபார்க்கப்படும், ஆனால் எடுத்த 20,000ஐத் திரும்ப உள்ளே போடுவதற்கான இடம் திரும்பி வரவே வராது. வீட்டுக் கடன் வசதியை எடுத்தால் ஆறு வீதம் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 100 டொலர் வட்டி மட்டும், முதல் அப்படியே நிற்கும். வட்டி குறைவாக இருந்த 2021இல் எடுத்த மோர்ட்கேஜ் இப்போது புதுப்பிக்க வருகிறது என்றால் உங்கள் மாதக் கட்டணம் பெரும்பாலும் ஏறப் போகிறது, அதற்கு மேல் இதையும் ஏற்ற வேண்டாம். இது என் கறாரான கருத்து, கணவர் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

ஏனென்றால் உங்களுக்குக் கடன் தேவையே இல்லை. பிள்ளை வீட்டில் இருந்து போய்வருகிறாள், வருடம் 4,000, முதல் வருடம் கணினிக்கும் சாமான்களுக்கும் 2,500 கூட வையுங்கள். மூன்று வருடத்துக்கு 14,500. உங்களிடம் இருப்பது 28,500.

கணினி என்றதும் ஒன்று. ஆப்பிள் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இந்தத் துறையில் தினமும் ஓடுகிற ரெவிட் மென்பொருள் விண்டோஸில்தான் நேரடியாக ஓடும். மாணவர்களுக்கு அதைத் தயாரிக்கிற ஒட்டோடெஸ்க் நிறுவனம் இலவசமாகத் தருகிறது, யாராவது கல்லூரிக்கு முன்னமே மென்பொருள் வாங்கச் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். படிப்பு முடிந்து சொந்தமாகத் தொழில் தொடங்கினால்தான் அதற்கு வருடா வருடம் ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டி வரும்.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்த இரண்டு சொல்: குழுத் திட்டம். தொண்ணூறுகளின் பின்பாதியிலும் அதற்குப் பிறகும் எங்கள் ஆட்கள் பலர் இப்படித்தான் வாங்கினோம், பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியால் வருவதற்கு முன்னமே தெரிந்தவர் ஒருவர் படிவத்தோடு வந்து நிற்பார், தேத்தண்ணி குடித்துக்கொண்டே கையெழுத்து வைப்போம். ஒப்பந்தத்தை யார் வாசித்தார்? பல குழுத் திட்டங்களில் முதிர்வுத் திகதியில் நீங்கள் கட்டிய காசு திரும்பி வரும், மானியமும் வளர்ச்சியும் பிள்ளையின் இரண்டாம், மூன்றாம், நாலாம் வருடத்தில் துண்டு துண்டாக வரும். திட்டமே நாலு வருடப் பல்கலைக்கழகத்தை மனதில் வைத்துப் போட்டது. உங்கள் மகளின் படிப்பு மூன்று வருடம். நாலாம் வருடம் என்ற ஒன்றே இல்லை என்றால் கடைசித் துண்டு உங்களுக்கு வராமலே போகலாம், அதில் உள்ள வளர்ச்சி குழுவில் உள்ள மற்றப் பிள்ளைகளுக்குப் போகும். மூன்று வருட டிப்ளோமாவுக்கான மாற்றுக் கணக்கு சில ஒப்பந்தங்களில் இருக்கிறது, சிலவற்றில் நீங்கள் நேரத்தோடு கேட்டால்தான் கிடைக்கும்.

அதனால் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, விற்ற தெரிந்தவருக்கு இல்லை, நிறுவனத்துக்கே எடுத்து, மூன்று விஷயம் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்: முதிர்வுத் திகதி எது, மூன்று வருட டிப்ளோமாவுக்கு எந்த வருடம் எவ்வளவு வரும், முதிர்வுக்கு முன் நாங்களே எடுக்கும் காலத்தைத் தீர்மானிக்கிற தனித் திட்டத்துக்கு மாறினால் கையில் எவ்வளவு மிஞ்சும். மாறினால் வளர்ச்சியில் ஒரு பகுதியை விட வேண்டி வரலாம். இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எது கூடவோ அதை எடுங்கள், இதில் உணர்ச்சிக்கு வேலை இல்லை. தொலைபேசியில் சொன்னார்கள் என்பது செல்லாது. முதிர்வுத் திகதி தாண்டினால் மாறும் கதவு பல திட்டங்களில் மூடிவிடும்.

தனித் திட்டத்துக்கு மாறினால் எடுக்கும் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். மானியமும் வளர்ச்சியும் பிள்ளையின் வருமானமாகக் கணக்குக்கு வரும், உங்கள் காசு வரியே இல்லாமல் திரும்பி வரும். ஆகவே முதலில் தீர்க்க வேண்டியது மானியமும் வளர்ச்சியும், மொத்தம் 10,500. முழுநேரப் படிப்பின் முதல் 13 கிழமையில் அந்தப் பகுதியில் இருந்து 8,000 வரைதான் எடுக்கலாம், உங்களுக்கு முதல் வருடம் தேவை 6,500, பிரச்சினை இல்லை. இரண்டாம் வருடம் 4,000. அத்தோடு அது முடிந்துவிடும். அவளுக்குக் கோடைகால வேலைச் சம்பளம் கொஞ்சம் வந்தாலும் மத்திய அரசின் அடிப்படை வரிவிலக்கு 16,000க்கு மேல் இருக்கிறபடியால் வரி விழ வாய்ப்புக் குறைவு. தனித் திட்டத்துக்கு மாற்றும்போது ஒன்றும் இழக்கவில்லை என்று வைத்துப் போட்ட கணக்கு இது, இழப்பு இருந்தால் அந்தளவுக்கு உங்கள் காசில் இருந்து சேர்க்க வேண்டி வரும்.

மூன்றாம் வருடக் கட்டணம் உங்கள் 18,000இல் இருந்து. மிச்சம் 14,000. அதை அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிடுங்கள், படிப்பில் இல்லாத நேரம் எடுத்தால் உள்ளே மானியம் மிஞ்சியிருந்தால் அரசாங்கம் அதைத் திருப்பிக் கேட்கும். அந்த 14,000ஐ முழுக்க மோர்ட்கேஜில் போட்டுவிட வேண்டாம். 5,000ஐ வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் தனியாக வையுங்கள். பி.சி.ஐ.என். சோதனைக் கட்டணம், சங்க அங்கத்துவம், பிறகு சொந்தப் பெயரில் தொழில் பதிய வேண்டுமென்றால் தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி, எல்லாம் அதில் இருந்து போகும். அந்தக் காசு இல்லாமல் சோதனையைத் தள்ளிப் போட்டு, பிறகு கல்யாணம், வீடு என்று வந்து எழுதாமலே விட்டவர்களை எனக்குத் தெரியும். படித்த சூட்டோடு எழுத வேண்டும். புதிய சட்டக்கோவை 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது, பழைய ஆட்கள் திரும்பப் படிக்க வேண்டிய நேரத்தில் இவள் புதிதாகவே அதைப் படித்துக்கொண்டு வருவாள்.

ஓசாப்புக்கு (ஒன்ராறியோ மாணவர் உதவித் திட்டம்) விண்ணப்பியுங்கள், தேவை இல்லை என்று விடாதீர்கள். ஆனால் கிராண்ட் எவ்வளவு வரும் என்று எண்ணி ஒரு டொலரும் செலவழிக்க வேண்டாம், அரசாங்கம் மாற மாற அந்த விதியும் மாறும். கிராண்ட் வந்தால் எடுங்கள், கடன் பகுதியை வேண்டாம் என்று சொல்லலாம். கடன் எடுக்கத்தான் வேண்டும் என்று ஒரு வருடம் நெருக்கடி வந்தால் மத்திய அரசின் பகுதிக்கு 2023 ஏப்ரலில் இருந்து வட்டி இல்லை, ஒன்ராறியோவின் பகுதிக்கு உண்டு, இரண்டும் ஒரே கடிதத்தில் வரும் என்பதால் ஆட்கள் குழம்பிப் போகிறார்கள். எப்படிப் பார்த்தாலும் கணவர் சொல்கிற வீட்டுக் கடனை விட அது மலிவு. பிறகு, ஒவ்வொரு பெப்ரவரியும் கல்லூரி தருகிற டி2202 படிவத்தை மறக்காதீர்கள், மகளுக்கு வரி இல்லாவிட்டால் 5,000 டொலர் வரையான கல்விக் கட்டணத்தை உங்களில் ஒருவருக்கு மாற்றலாம், வருடம் சில நூறு டொலர் வரியில் குறையும்.

கல்லூரியைத் தெரிவு செய்யும்போது நான் பார்ப்பது கட்டடத்தின் அழகை இல்லை, கோ-ஆப் (படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சி) இருக்கிறதா என்பதை. ஒரே டிப்ளோமாவைச் சில கல்லூரிகள் கோ-ஆப்போடும் சில இல்லாமலும் நடத்துகின்றன. பெரிய அலுவலகம் கிடைக்காவிட்டால் வீடு கீறுகிற மூன்று பேர் உள்ள சின்ன இடத்துக்குப் போகட்டும், அங்கேதான் தொழிலை முழுக்கக் கற்கலாம்.

ஆர்க்கிடெக்ட் கனவு பின்னால் வந்தாலும் கதவு மூடிவிடவில்லை. அதபாஸ்கா பல்கலைக்கழகம் கட்டடக்கலை இளமாணியை இணையவழியில் நடத்துகிறது, வேலை செய்துகொண்டே படிக்கலாம், டிப்ளோமாவுக்கு எத்தனை பாடம் கழிப்பார்கள் என்பதை அவர்கள் பார்த்துத்தான் சொல்வார்கள். அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது இருக்கும், கையில் சொந்தச் சம்பளம் இருக்கும், அந்தச் செலவை அவளே யோசிக்கட்டும்.

நிறுவனம் அனுப்புகிற கடிதம் வந்ததும் இரண்டு தொகையையும் எனக்கு எழுதுங்கள், ஒக்டோபர் மோர்ட்கேஜ் வீதத்தையும் சேர்த்து.