ஸ்கேனில் ரத்தம் இல்லை என்றார்கள், மறுநாள் இதயத்தைத் தைத்தார்கள்

கேள்வி: என் தம்பிக்கு நெஞ்செலும்பை ஒட்டி இடது பக்கம் கத்திக்குத்து. காயம் விரல் நுனி அளவுதான். இதயத்தைச் சுற்றி ரத்தம் இல்லை என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லி, நெஞ்சில் குழாய் போட்டு ரத்தத்தை வடித்து, வார்டில் வைத்தார்கள். மறுநாள் திடீரென மோசமாகி, நெஞ்சைத் திறந்து இதயத்தில் தையல் போட்டார்கள். முதல் நாளே தெரிந்திருக்க வேண்டாமா? இப்போது வீட்டில் இருக்கிறான். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தெரிந்திருக்கலாம். ஸ்கேன் பார்த்தவர் கண்ணில் பட்டதைத்தான் சொல்லியிருப்பார். அதை நம்பி எடுத்த முடிவில்தான் கோளாறு.

இதயத்தைச் சுற்றி ஓர் உறை உண்டு. அது சட்டென்று விரிந்து கொடுக்காது. குத்துப்பட்ட இதயத்திலிருந்து 100, 200 மில்லி ரத்தம் அதற்குள் சேர்ந்தாலே போதும், இதயம் நெரிபட்டு நின்றுவிடலாம். இந்த ரத்தத்தை அல்ட்ராசவுண்ட் நன்றாகவே காட்டும். பெரும்பாலும் ஏமாற்றுவது ஓரிடத்தில்தான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் தம்பிக்கு நடந்ததும் அதுதான்.

கத்தி உறையையும் கிழித்திருந்தால் ரத்தம் உள்ளே தங்காது, கிழிசல் வழியே இடது நெஞ்சறைக்குள் வடிந்துவிடும். ஸ்கேனில் இதயத்தைச் சுற்றிச் சுத்தமாகத் தெரியும். குழாயில் வருகிற ரத்தத்தை நுரையீரல் கணக்கில் எழுதிவிடுவார்கள். பிறகு அந்தக் கிழிசலை ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால் உறைக்குள் தேங்க ஆரம்பிக்கும், ஆள் சரிந்துவிடுவார். ஆகவே நெஞ்செலும்பை ஒட்டிய காயம், இடது நெஞ்சில் ரத்தம், சுத்தமான ஸ்கேன் மூன்றும் சேர்ந்திருந்தால் நிம்மதியடையக் கூடாது. திரும்பத் திரும்ப ஸ்கேன் பார்க்க வேண்டும். சந்தேகம் தீரவில்லையா, நெஞ்செலும்பின் கீழ்முனையில் சிறிதாகத் திறந்து உறைக்குள் நேரிலேயே பார்த்துவிட வேண்டும். ஆனால் படிவத்தில் ‘ரத்தம் இல்லை’ என்று ஒரு டிக் விழுந்துவிட்டால் அடுத்த ஷிஃப்டில் வருபவர் படிவத்தைத்தான் பார்க்கிறார், நோயாளியை அல்ல. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட நேரத்தில் ‘இங்கே வேண்டாம், பெரிய இதய ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வண்டி தயார்’ என்று ஒருவர் வந்து நிற்பார். கமிஷன் ஆள். அவர் பேச்சைக் கேட்டு வழியிலேயே உயிர் போனவர்கள் உண்டு. இதயத்தில் குத்துப்பட்டவருக்குப் பெயர்ப்பலகை தேவையில்லை. நெஞ்சைத் திறக்கத் தெரிந்த அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், ரத்தம் எல்லாம் இருக்கிற மிகப் பக்கத்து இடம்தான் தேவை. பெரும்பாலான காயங்களுக்கு இதய நுரையீரல் இயந்திரம்கூட வேண்டியதில்லை. 1896இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன், கத்திக்குத்துப்பட்ட ஒருவரின் வலது கீழறையைத் தைத்துப் பிழைக்கவைத்தபோது அப்படியோர் இயந்திரமே கிடையாது. போலீஸ் தாள், முன்பணம் எல்லாம் பிறகு. கத்தி செருகியபடி இருந்தால் யாரும் பிடுங்கவும் கூடாது.

இனி கவனிக்க வேண்டியது: காய்ச்சல், மூச்சை இழுத்தால் நெஞ்சுவலி, படுத்தால் திணறல், கால் வீக்கம். வீடு திரும்பிச் சில வாரம் கழித்தும் உறைக்குள் நீர் கோக்கலாம். அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை, வால்வில் கிழிசல் போன்றவை அவசர அறுவையின்போது கண்ணில் படாமல் தப்பிவிடலாம். அதைக் கண்டுபிடிக்க எக்கோ, அதாவது இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட், எடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் அடுத்த எக்கோவுக்குத் தேதி போடவில்லை என்றால் இந்த வாரமே போய்க் கேட்டு வாங்குங்கள்.