பிறந்த குழந்தையை ஆராய்ச்சியில் சேர்க்கக் கையெழுத்து கேட்கிறார்கள், போடலாமா?

தண்டையார்பேட்டையில் இருக்கும் உங்கள் அக்காவுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்திருக்கிறது, ஆய்வில் சேர்க்கச் சொல்கிறார்கள் என்கிறீர்கள். 'சோதனை எலி ஆக்கிடுவாங்க' என்று காசிமேடு, ராயபுரம் பக்கம் பேச்சு வருவது சகஜம்தான். அந்தப் பயத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன்.

ஆனால் ஆராய்ச்சியே செய்யாததால் செத்த குழந்தைகளும் உண்டு. குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்து பெரியவர்களுக்கு நன்றாக வேலை செய்தது, பச்சிளங்குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள். அவர்களின் கல்லீரலுக்கு அதை உடைத்து வெளியேற்றும் பக்குவம் இல்லை. உடம்பு சாம்பல் நிறமாகி இறந்தார்கள். 1959-இல் முறையாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. 1940களில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்துப் பலருக்குக் கண் போனதும் இதே கதை. குழந்தை என்பது சின்ன சைஸ் பெரியவர் இல்லை.

சரி, அக்கா என்ன கேட்க வேண்டும்? ஆய்வு நியாயமானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, சி.டி.ஆர்.ஐ. எனும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவு எண் என்ன (இணையத்தில் யாரும் தேடலாம்), கூடுதலாக எத்தனை முறை ரத்தம் எடுப்பார்கள், ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது. ஒப்புதல் படிவம் தமிழில் வேண்டும். மறுத்தாலும், பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஏழு வயது தாண்டிய பிள்ளை என்றால் அதன் சம்மதத்தையும் கேட்டாக வேண்டும்.

பதில் சொல்ல அவசரப்படுத்தினால், படிவத்தை வீட்டுக்கு எடுத்து வந்து படிக்கச் சொல்லுங்கள்.