ஒரே பொலிஸ், பல ஊர்கள்: செலவை எப்படிப் பிரிக்கிறார்கள்?
வாசகர் கேள்வி – பதில்

மார்க்கத்தில் வீடு வைத்திருக்கிறோம். எங்கள் தெருவில் பொலிசுக்கு வேலையே இல்லை. ஆனாலும் சொத்து வரியில் மற்ற ஊர்க்காரரைப் போலவே கட்டுகிறோம். எந்த ஊர் எத்தனை தடவை பொலிசைக் கூப்பிட்டது என்று பார்த்து அறவிட முடியாதா?
– வாசகர், மார்க்கம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், மார்க்கம் அடங்கிய யோர்க் பிராந்தியத்தின் ஒன்பது ஊர்களுக்கும் ஒரே பொலிஸ். அதன் செலவு உங்கள் வரிச் சீட்டில் பிராந்தியத்துக்கான பங்குக்குள் அடங்கியிருக்கிறது. பிரிப்பது சொத்தின் வரி மதிப்பீட்டின்படி. 8 லட்சம் டொலர் மதிப்பிட்ட வீடு மார்க்கத்தில் இருந்தாலும் ஜோர்ஜினாவில் இருந்தாலும் பிராந்தியப் பங்கு ஒன்றுதான். பண்ணை நிலத்துக்கு வீட்டு வீதத்தின் கால் பங்குக்கு மேல் போடமாட்டார்கள்.

இந்த முறையில் மனக்குறை வருவது இயல்பே. பீல் பிராந்தியத்தில் கலிடனை மாகாணப் பொலிசான ஓ.பி.பி. பார்ப்பதால், பீல் பொலிசின் செலவு மிசிசாகாவுக்கும் பிரம்டனுக்கும் இடையில்தான். மதிப்பீடு கூடிய மிசிசாகாவின் தலையில் பெரிய பங்கு விழுகிறது. கணக்கு முறையை மாற்றச் சொல்லி அந்த நகரம் கேட்டது அதனால்தான்.

ஆனால் அழைப்பை மட்டுமே அளவுகோலாக்குவதை நாங்கள் ஆதரிக்கமாட்டோம். 911 நிலையம், இரவு ரோந்து, கொலை விசாரணைப் பிரிவு எல்லாம் யாரும் கூப்பிடாத நாளிலும் சம்பளத்தோடு காத்திருக்கின்றன. அதைவிட, வீட்டில் அடிவாங்கும் ஒரு பெண் பொலிசைக் கூப்பிட்டால் ஊருக்குப் பில் ஏறும் என்ற நிலை வரக்கூடாது.

கவார்த்தா பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் மோட்டல் நடத்துகிறோம். எங்களுக்கு ஓ.பி.பி. பொலிஸ். போன வருடம் அழைப்புக் குறைந்தது என்றார்கள், பில் ஏறியிருக்கிறது. எப்படி?
– வாசகர், கவார்த்தா ஏரிப் பகுதி

2015 முதல் ஓ.பி.பி. பில்லுக்கு இரண்டு பெரிய பாகங்கள். முதலாவது அடிப்படைச் செலவு. ஓ.பி.பி. பார்க்கும் ஊர்கள் எல்லாவற்றிலும் உள்ள வீடு, கடை, தொழிற்சாலைகளை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரே தொகை போடுகிறார்கள். கோடையில் மட்டும் ஆள் வரும் கொட்டேஜும் முழு எண்ணிக்கையில் சேரும். அதனால்தான் ஏரிக்கரை ஊர்களில் 2015இல் அவ்வளவு கொதிப்பு.

இரண்டாவது, அழைப்புச் செலவு. எண்ணிக்கையை அப்படியே எடுப்பதில்லை. ஒவ்வொரு வகை அழைப்புக்கும் மாகாணம் முழுவதற்கும் ஒரு சராசரி நேரம் வைத்திருக்கிறார்கள். வன்முறைக் குற்றத்துக்கு அது அதிகம், தவறி அடித்த அலாரத்துக்குக் குறைவு. உங்கள் ஊரின் நான்கு வருடச் சராசரி அழைப்புகளை அந்த நேரத்தால் பெருக்கி, எல்லா ஊர்களின் மொத்த மணித்தியாலத்தில் அது எத்தனை வீதம் என்று பார்ப்பார்கள்.

விளங்குவதற்காக எண்களை நாங்களே வைத்துக்கொள்வோம். ஊரில் 3,000 சொத்துகள், அடிப்படைத் தொகை 200 டொலர்: 6 லட்சம். மொத்தம் 15 லட்சம் மணித்தியாலத்தில் உங்கள் பங்கு 6,000, அதாவது 0.4 வீதம். அழைப்புகளுக்கான மொத்தச் செலவு 18 கோடி என்றால் உங்களுக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். இரண்டும் சேர்ந்து சொத்துக்கு 440 டொலர்.

இப்போது உங்கள் கேள்வி. உங்கள் அழைப்பு 5 வீதம் குறைந்து, மற்ற ஊர்களில் 10 வீதம் குறைந்தால் உங்கள் பங்கு ஏறும். ஒரு மோசமான வருடம் நான்கு பில்களில் நிற்கும். இதற்கு மேல் மேலதிக நேரச் சம்பளமும் நீதிமன்றப் பாதுகாப்பும் தனியாக வரும். முதலில் உத்தேசக் கணக்கில் பில் போட்டு, உண்மைச் செலவு தெரிந்த பின் திருத்துவார்கள். 2023இன் வித்தியாசம் 2025 பில்லில்தான் வந்தது. சம்பள உயர்வு பின்தேதியிட்டு வந்தால் அடி அங்கேதான் விழும்.

உங்கள் ஊர்ச் சபையிடம் பில்லோடு வரும் அழைப்புப் பட்டியலைக் கேளுங்கள். மாகாண நெடுஞ்சாலையில் நடந்த விபத்துகள் ஊர்க் கணக்கில் ஏறியிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். சொத்து எண்ணிக்கையை மதிப்பீட்டு நிறுவனமான எம்பாக்கின் பட்டியலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். மோட்டலில் அலாரம் அடிக்கடி தவறி அடித்தால் அதைத் திருத்துவது உங்கள் பங்கு.

பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு ஊர்கள் தாங்களாகவே ஒரு பொலிசை வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், பரி

வைத்துக்கொள்ளலாம். உங்களுக்குத் தெற்கே இனிஸ்ஃபிலும் பிராட்ஃபோர்ட் வெஸ்ட் குவிலிம்பரியும் சவுத் சிம்கோ பொலிசைச் சேர்ந்து நடத்துகின்றன. அம்ஹர்ஸ்ட்பர்க் 2019 முதல் வின்ட்சர் பொலிசோடு ஒப்பந்தம் செய்திருக்கிறது. ஒப்பந்தம் எழுதும்போது வருடச் செலவின் பங்கைப் பற்றியே பேசிவிட்டு, பிரியும் நாளை மறந்துவிடுவார்கள். வாகனம், கட்டடம் யாருக்கு, ஆட்குறைப்புப் பணம் யார் கட்டுவது, எத்தனை மாத முன்னறிவித்தல் என்பதை முதல் நாளே எழுதவேண்டும். பங்கைச் சனத்தொகைப்படி பிரித்தால், அந்தச் சனத்தொகை எந்த வருடத்தினது, எப்போது புதுப்பிப்பது என்பதும் அதில் இருக்கவேண்டும். ஒரு ஊர் வேகமாக வளர்ந்தால் சண்டை வருவது அந்த வரியில்தான்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் எங்கள் ஊரில் 5,000 பேர் ஆகப்போகிறார்கள். பொலிஸ் செலவு ஏறுமாமே?
– வாசகர், பிரிட்டிஷ் கொலம்பியா

ஆம், அதுவும் ஒரே பாய்ச்சலில். மத்திய அரசின் பொலிசான ஆர்.சி.எம்.பி. பார்க்கும் ஊர்களில், 5,000 பேருக்குக் கீழே என்றால் பொறுப்பு மாகாணத்தினது. நீங்கள் ஒரு பொலிஸ் வரி மட்டும் கட்டுகிறீர்கள். 5,000 முதல் 14,999 வரை ஒப்பந்தச் செலவில் 70 வீதமும், 15,000 ஆனதும் 90 வீதமும் ஊரினது. மீதி மத்திய அரசுடையது. நிலையக் கட்டடமும் அலுவலக ஊழியர் சம்பளமும் இந்தப் பங்கீட்டுக்கு வெளியே, முழுவதும் உங்கள் தலையில். எண்ணுவது குடிசன மதிப்பீட்டில். 4,500 தாண்டியதுமே சபை ஒரு பொலிஸ் சேமிப்பு நிதி தொடங்கி, வருடாவருடம் வரியைச் சிறிது சிறிதாக உயர்த்தவேண்டும். இல்லாவிட்டால் முழு ஏற்றமும் ஒரே வருடச் சீட்டில் வரும்.