அப்பாவின் ஜீப்புக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஊர் களக்காடு. பணகுடி பக்கம் காற்றாலையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 46,000 ரூபாய் வருகிறது, வீட்டுச் செலவு 33,000. தீபாவளி போனஸ் 40,000. வங்கி டெபாசிட்டில் 2,10,000 இருக்கிறது. வீட்டில் அம்மா, மனைவி, மூன்று வயது மகள். அக்காவைக் கட்டிக்கொடுத்தாயிற்று. அப்பா வாழைத்தோட்டத்துக்குப் போய்வர வைத்திருந்த 1998 மாடல் மஹிந்திரா எம்.எம்.540 ஃபோர் வீல் ஜீப் கொட்டகையில் நிற்கிறது. எஃப்.சி. (தகுதிச் சான்று) 2023-லேயே முடிந்துவிட்டது. அப்பா 2024-ல் தவறிவிட்டார். ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் உள்ளது. வண்டியைச் சரிசெய்து தேரிக்காட்டுச் செம்மணல் மேடு, மலைப்பாதை என்று ஓட்ட ஆசை. ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த எஸ்டிமேட்: இன்ஜின் 1,10,000, டிங்கரிங் பெயின்டிங் 95,000, பெரிய டயரும் வீலும் 80,000, உயரம் கூட்ட 45,000, வின்ச் (சிக்கிய வண்டியை வடம் கட்டி இழுக்கும் கருவி) 60,000, பம்பர், லைட், சீட் 50,000. மொத்தம் 4,40,000. மனைவியின் நகையை வைத்து 2,50,000 வாங்கி, டெபாசிட்டில் 1,90,000 எடுக்கலாம் என்று நினைக்கிறேன். வேலை முடிந்தால் ஆறு லட்சத்துக்குப் போகும் என்கிறார் நண்பர். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருக்கிற நிலையிலேயே 1,60,000-க்குக் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஜீப்பைச் சரிசெய்யலாம். நகையை வைக்க வேண்டாம், டெபாசிட்டையும் தொட வேண்டாம். எஸ்டிமேட்டில் பாதிக்கு மேல் அடித்துவிடலாம்.

முதலில் அந்தத் தாளை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். இன்ஜின் இருக்கிறது, பெயின்ட் இருக்கிறது, வின்ச் இருக்கிறது. பிரேக்குக்கு ஒரு வரி இல்லை. ஸ்டியரிங்குக்கு இல்லை. சேசிஸ் என்கிற அடிச்சட்டம் துரு பிடித்திருக்கிறதா என்று யாரும் அடியில் படுத்துப் பார்த்ததாகவும் தெரியவில்லை. பல வருஷம் நின்றுபோன வண்டியில் வீல் சிலிண்டர் ரப்பர் காய்ந்திருக்கும், பிரேக் குழாய் துருப்பிடித்திருக்கும், ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டு வின்ச்சுக்கு 60,000 போட்டவர் உங்கள் ஆசைக்கு எஸ்டிமேட் போட்டிருக்கிறார், வண்டிக்குப் போடவில்லை.

அதற்கும் முன்னால் காகிதம். சட்டப்படி இந்த வண்டி இன்னும் உங்களுடையது இல்லை. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும் என்பது விதி. இரண்டு கெடுவும் தாண்டிவிட்டன. அபராதம் ஏதாவது வரும், கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். இ-சேவை மையத்தில் வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பித்து, அம்மாவிடமும் அக்காவிடமும் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குங்கள். அக்காவிடம் இப்போதே கேட்டுவிடுவது நல்லது. கொட்டகையில் நிற்கிற பழைய ஜீப்புக்கு யாரும் பங்கு கேட்க மாட்டார்கள். மூன்று, நான்கு லட்சம் போட்டுப் பளபளவென்று நிறுத்திய பிறகு வீட்டுக்குள் பேச்சு மாறுவதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

அடுத்து எஃப்.சி., அதாவது பதிவைப் புதுப்பிப்பது. இருபது வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 10,000 ரூபாயாக உயர்த்தியது. அதோடு பசுமை வரி, தாமதக் கட்டணம். இன்சூரன்ஸில் 1500 சி.சி.க்கு மேற்பட்ட சொந்த உபயோக வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் வருடத்துக்கு 7,897 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஆக, ஒரு ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னாலேயே 25,000 ரூபாய் வரை ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்பதைப் பார்ப்போம். உங்கள் பட்ஜெட்டை முடிவு செய்வது அதுதான். களக்காட்டுக்காரருக்கு மலைப்பாதை என்றால் தலையணை தாண்டிச் செங்கல்தேரி நினைவுக்கு வரும், அல்லது மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலை. இரண்டும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகிற வழிகள். வனத்துறை அனுமதி இல்லாமல் செக்போஸ்ட்டைத் தாண்ட முடியாது. அனுமதி கிடைத்தாலும் போட்ட பாதையில்தான் போகலாம். பாதையை விட்டு இறங்கினால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கு வரும், வண்டியையும் பறிமுதல் செய்வார்கள். குதிரைமொழித் தேரியும் காப்புக்காடுதான். ஆக, மிஞ்சுவது இட்டமொழி, திசையன்விளை பக்கம் தெரிந்தவர்களின் பட்டா நிலத்துச் செம்மணலும், தோட்டத்து வண்டிப்பாதைகளும், எப்போதாவது வாகமண் மாதிரி ஒரு பயணமும்.

அந்த மணலுக்கு என்ன வேண்டும்? டயரில் காற்றைக் குறைக்கத் தெரிய வேண்டும். 16, 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் டயர் தட்டையாகப் படிந்து, மணலில் புதையாமல் ஏறும். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடிக்க ஒரு 12 வோல்ட் கம்ப்ரசர், ஒரு மண்வெட்டி, இழுக்கிற கயிறு, இரண்டு மரப்பலகை. எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிகிற விஷயம். வின்ச்சை மாட்டினாலும், தேரியில் அதன் கொக்கியைக் கட்ட எட்டும் தூரத்தில் ஒரு பனையாவது இருக்க வேண்டுமே! காற்று குறைந்த டயரின் பக்கச்சுவரில் உடைமுள் ஏறினால் 16,000 ரூபாய் டயரும் போகும், 6,000 ரூபாய் டயரும் போகும். கம்பெனி அளவான 6.00-16 டயரில் நல்ல பட்டன் (மேல்பரப்பில் ஆழமான கட்டைகள்) இருந்தால் இந்த வண்டிக்குப் போதும்.

உயரம் கூட்டுவதும் பெரிய டயரும் சட்டத்திலும் இடிக்கும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பிரிவு 182ஏ-யில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கம்பிக்கு எதிராக 2017-லேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. “எல்லாரும் மாட்டிக்கிட்டுத்தானே சுத்துறாங்க” என்பீர்கள். உண்மைதான், நானும் தினமும் பார்க்கிறேன். ஆனால் எஃப்.சி.க்குப் போகும்போதெல்லாம் கழற்றி மாட்டுகிற கூலியும் உங்களுடையது. விபத்து என்று வந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கவும் வாய்ப்புண்டு. அந்த இடத்தில்தான் உங்கள் டெபாசிட், நகை, தோட்டம் எல்லாமே ஆபத்துக்கு வரும்.

நண்பர் சொன்ன ஆறு லட்சம் பற்றி: விளம்பரத்தில் போடுகிற விலை வேறு, கைக்கு வருகிற விலை வேறு. பழைய ஜீப் வாங்குகிறவர் பார்ப்பது ஆர்.சி., மீதியிருக்கிற எஃப்.சி. காலம், சேசிஸ், இன்ஜின். உங்கள் வின்ச்சுக்கும் சீட்டுக்கும் போட்ட காசை அவர் தர மாட்டார். 1,60,000 மதிப்புள்ள வண்டிக்கு 4,40,000 செலவு என்பது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். வின்டேஜ் வண்டி என்று மதிப்பு ஏறும் என்று யாராவது சொன்னால், 2021-ல் வந்த விதிப்படி அதற்கு 50 வருடம் ஆகியிருக்க வேண்டும். உங்கள் ஜீப்புக்கு 2048-ல்தான் அந்த யோகம், அதுவும் சேசிஸ், பாடி, இன்ஜினைப் பெரிதாக மாற்றாமல் இருந்தால். எனவே இதை முதலீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள். ஆசைக்குச் செய்யும் செலவு, அவ்வளவுதான். ஆசைக்குச் செலவு செய்வதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் கிடையாது.

கடன் கணக்கைப் பாருங்கள். 2,50,000 நகைக்கடனை 9.5 சதவீத வட்டியில் இரண்டு வருடத் தவணையாகக் கட்டினால் மாதம் ஏறக்குறைய 11,500. உங்களுக்கு மிஞ்சுவதே 13,000. அதனால் நடக்கப்போவது என்னவென்றால், வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பித் திருப்பி வைப்பீர்கள். வருடத்துக்கு 23,750 ரூபாய் வட்டி போகும், அசல் அப்படியே நிற்கும். டெபாசிட்டோ உங்கள் குடும்பத்தின் ஆறு மாதச் செலவு. 33,000-ஐ ஆறால் பெருக்கினால் 1,98,000. அதை எடுத்துவிட்டால் அம்மாவுக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் கைமாற்றுக்குத்தான் போக வேண்டும்.

நான் சொல்கிற வழி மெதுவானது. மிஞ்சும் 13,000-ல் முதல் வேலையாக ஒரு கோடிக்கு டேர்ம் இன்சூரன்ஸ் எடுங்கள். காற்றாலைக் கோபுரத்தில் ஏறுகிறவர், வேலை விவரத்தை மறைக்காமல் எழுதுங்கள், பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. மகள் பெயரில் ஏதாவது சேமிப்பு. இது போக மாதம் 7,000 ரூபாய் ஜீப்புக்கென்று தனி ஆர்.டி. வருடத்தில் 84,000, போனஸ் 40,000, ஆக 1,24,000.

முதல் வருடப் பணத்தில் காகிதம், சேசிஸ் வெல்டிங், பிரேக், ஸ்டியரிங், கிராஸ் (சுழலும் தண்டின் இணைப்பு), ஆயில் சீல்கள், கம்பெனி அளவு டயர். பெயின்ட் வேண்டாம், துருவைச் சுரண்டி பிரைமர் அடித்தால் போதும். இன்ஜினைப் பிரிக்காதீர்கள். முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் நிற்கும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். டீசல் பம்ப்பையும் நாசில்களையும் சுத்தம் செய்தாலே ஓடுகிற இன்ஜினை பிரித்து சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்யச் சொல்பவர்கள் உண்டு. கம்ப்ரஷன் உண்மையிலேயே இல்லை என்றால் அது இரண்டாம் வருட வேலை. 1,10,000 என்று சொன்ன வேலைக்கு 1,43,000 கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள், பிரித்த பிறகுதான் கிராங்க் தேய்ந்திருப்பது தெரியும். ஸ்பேர்களை நீங்களே பில்லோடு வாங்கிக்கொடுங்கள், கூலியை வேலைக்கு வேலை பேசுங்கள். மொத்த ஒப்பந்தமாக விடாதீர்கள். அம்பை, கடையம் பக்கம் எஸ்டேட் ஜீப்பிலேயே கைப்பழகிய பழைய மெக்கானிக் யாராவது கிடைத்தால், பெரிய போர்டு வைத்த கடையைவிட அவரை நம்புவேன்.

1,60,000-க்குக் கேட்பவரிடம் இப்போது முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். பெயர் மாறும் வரை உங்களால் விற்கவும் முடியாது, ரிப்பேருக்கும் பணம் போடக் கூடாது. அதற்குள் ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்து, வேறொரு மெக்கானிக்கை வைத்து சேசிஸைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மேலோட்டமான துரு என்றால் மேலே சொன்னபடி தொடங்கலாம். ஸ்பிரிங் தாங்கும் இடங்களில் ஓட்டை விழுந்திருந்தால், பெயர் மாற்றம் முடிந்த கையோடு அவருக்கே கொடுத்துவிடுங்கள். விற்பனைக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, ஆர்.சி. அவர் பெயருக்கு மாறியதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.